சுழித்தடம்: கார்மனின் ‘தெரு’வுக்கு ஒரு தமிழ்ச் சொல்

ஜெர்மன் மொழியில் ‘விர்பெல்ஷ்ட்ராசெ’ என்றொரு சொல் இருக்கிறது. விர்பெல் என்றால் சுழல், ஷ்ட்ராசெ என்றால் தெரு அல்லது சாலை. ஆங்கிலத்தில் அதையே ‘வோர்டெக்ஸ் ஸ்ட்ரீட்’ என்கிறார்கள். நாமும் ‘சுழல் தெரு’ என்று வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரி, முதலில் பொருளைப் பார்ப்போம். உருண்டையான தூணில் மோதும் காற்று முன்பக்க வளைவை ஒட்டியே வழுக்கி வரும். பின்பக்கம் அந்த வளைவோடு சேர்ந்து திரும்ப முடியாமல் பரப்பை விட்டுப் பிரிந்து, தனக்குள் சுருண்டு சுழியாகும். அது கழன்று போனதும் மறுபக்கத்தில் இன்னொன்று, எதிர்த்திசையில் சுழன்றபடி. இப்படி மாறிமாறிக் கழன்ற சுழிகள் தூணுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக நீள்வதுதான் விர்பெல்ஷ்ட்ராசெ. காற்றின் வேகத்தைத் தூணின் குறுக்களவால் வகுத்து 0.2 ஆல் பெருக்கினால், ஒரு பக்கத்தில் நொடிக்கு எத்தனை சுழி கழல்கிறது என்பது ஏறத்தாழக் கிடைத்துவிடும். 2 மி.மீ. கம்பியில் நொடிக்கு 5 மீட்டர் காற்று வீசினால் 500. கம்பி பாடுவது அதனால்தான். 1878-இல் செக் இயற்பியலாளர் ஸ்ட்ரோஹால் அளந்து பார்த்தது இந்த ஒலியைத்தான்.

பெயர் மட்டும் ஹங்கேரியில் பிறந்த பொறியியல் அறிஞர் தியோடர் ஃபான் கார்மனுக்குப் போனது. 1911 வாக்கில் ஜெர்மனியின் கெட்டிங்கனில், பாய்ம இயக்கவியல் பேராசிரியர் பிராண்டிலின் மாணவர் ஹீமென்ஸ் நீரோட்டத்தில் உருளையை வைத்துச் சோதித்தபோது ஓட்டம் நிலைகொள்ளாமல் ஆடிக்கொண்டே இருந்தது. உருளையின் உருட்சியைச் சரிசெய்தார், வாய்க்காலைச் சரிசெய்தார், ஆட்டம் நிற்கவில்லை. பிழை கருவியில் இல்லை, அது ஓட்டத்தின் இயல்பு என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் கார்மன். இரண்டு வரிசைச் சுழிகளும் நேருக்கு நேர் நின்றால் குலைந்துவிடும். ஒன்று விட்டு ஒன்றாக, வரிசைகளின் இடைவெளி அடுத்தடுத்த சுழிகளின் இடைவெளியில் 0.281 பங்காக இருந்தால்தான் தாக்குப்பிடிக்கும். அவருக்கு முன்பே பிரான்சில் ஹென்றி பெனார் இந்தச் சுழிகளைப் படம்பிடித்திருந்தார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இங்கேதான் ‘தெரு’ எனக்கு இடிக்கிறது. நம் தெருவில் எதிர்வீடு என்று ஒன்று உண்டு, இந்தச் சுழிகளுக்கு எதிர்வீடே கிடையாது. ஈர மணலில் நடந்தவரின் காலடிகளைப் பாருங்கள், இடது, வலது, இடது, வலது: அச்சு அசல் அதே அமைப்பு. அதற்கு நம்மிடம் ‘தடம்’ இருக்கிறது. அது வழியையும் குறிக்கும், போனவர் விட்டுச்சென்ற சுவட்டையும் குறிக்கும். ஜெர்மன் சொல்லில்கூட இரண்டாவது பொருள் இல்லை.

அப்புறம் ‘சுழல்’. வினையாகவும் பெயராகவும் வருவதால் அது தவறில்லை, ஆனால் எண்ணுவதற்குச் ‘சுழி’தான் வாகு. ரெண்டு சுழி ன, மூணு சுழி ண என்று எண்ணித்தானே எழுத்தே படித்தோம்? ஆற்றிலும் சுழி, தலையிலும் சுழி. ஆக, கார்மன் சுழித்தடம். ஒவ்வொன்றாகப் பிரிந்து போவதற்குச் சுழி கழலல்.

பழகிப் பார்க்க ஒரு வாக்கியம்: உயரமான இரும்புப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகாணி மரைபோல் சுற்றிவரும் பட்டை, மேலிருந்து கீழ்வரை ஒரே தாளத்தில் சுழி கழன்று புகைபோக்கியை ஆட்டிவிடாமல் தடுக்கிறது.