பட்டாளத்துத் தாத்தாவின் போட்டோவுக்கு வண்ணம் தீட்டும் முன்

பழைய போட்டோக்களைப் பாதுகாப்பதும், அவற்றில் இருப்பவர் யாரென்று தேடித் தருவதும் என் வேலை. தமிழ்நாட்டுக் குடும்பங்களிலிருந்து எனக்கு அதிகம் வருபவை இரண்டாம் உலகப் போர்க்காலத்துப் படங்கள். காக்கி உடுப்பில் விறைப்பாக ஓர் இளைஞர் நிற்பார். “தாத்தாவோட அண்ணன்னு சொல்வாங்க. பர்மாவுக்குப் போனவர் திரும்பி வரல” என்பதோடு குடும்பத்தின் நினைவு நின்றுவிடும். சில வீடுகளில் பெயர்கூட மிஞ்சியிருக்காது.

இப்படிப்பட்டவரை அடையாளம் காண முடியுமா? பல நேரம் முடியும், அசல் படத்தில் யாரும் கைவைக்காமல் இருந்தால். இப்போதெல்லாம் பல படங்கள் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் ‘தெளிவாக்கி’, வண்ணமும் சேர்த்துத்தான் என்னிடம் வருகின்றன. அசல் எங்கே என்று கேட்டால், செல்லரித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டோம் என்கிறார்கள். மனசு பதறுகிறது. அந்தச் செயலி மங்கிய இடத்தில் இருந்ததை மீட்பதில்லை. என்ன இருந்திருக்கலாம் என்று ஊகித்துப் புதிதாக வரைகிறது. முகம் அழகாகத்தான் இருக்கும். ஆனால் தொப்பியில் இருந்த சின்னம் உலகில் எந்தப் படைக்கும் இல்லாத ஒன்றாக மாறியிருக்கும்.

எனக்கு வேண்டியது அந்தச் சின்னம்தான். முகச்சாயலை நம்பித் தேடினால் வேறு யாரையோ தாத்தா என்று கும்பிட நேரிடும். உடுப்பு அப்படி ஏமாற்றாது. சட்டைக் கையில் இரண்டு பட்டை இருந்தால் நாயக், மூன்று இருந்தால் ஹவில்தார். தோளில் படைப்பிரிவின் பெயரைச் சுருக்கிய பித்தளை எழுத்துகள் இருக்கலாம். புஜத்தில் துணிச் சின்னம் இருந்தால், பல படைப்பிரிவுகள் சேர்ந்த பெரிய அணியான டிவிஷனே தெரிந்துவிடும்: கழுகு என்றால் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் போரிட்ட 4-வது இந்திய டிவிஷன், கறுப்புப் பூனை என்றால் பர்மாவில் போரிட்ட 17-வது. விளிம்பே இல்லாமல் உருளையாக உயர்ந்து நிற்கும் தொப்பியா? பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் சாப்பர்ஸ் பக்கம் முதலில் தேடுவேன். நம் ஊர் ஆட்கள் பெருமளவில் சேர்ந்த பொறியாளர் படை அது.

மார்பில் இருக்கும் பதக்க ரிப்பன் காலத்தையும் சொல்லும். ஆப்பிரிக்கா ஸ்டார் என்ற போர்ப் பதக்கம் 1943-இல்தான் ஏற்படுத்தப்பட்டது, பர்மா ஸ்டார் 1945-இல். அந்த ரிப்பன் படத்தில் தெரிந்தால், அதற்கு முன் எடுத்த படமாக இருக்க முடியாது. அதாவது, பர்மா ஸ்டார் ரிப்பனோடு ஸ்டூடியோவில் நிற்பவர் 1944-இல் இறந்த பெரியப்பாவாக இருக்க வழியில்லை. வண்ணம் தீட்டுவது கெடுதல் செய்வதும் இங்கேதான். ஆர்த்தோகுரோமாட்டிக் என்ற பழைய வகை பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் எடுத்த படத்தில் சிவப்பு கறுப்பாகவும், நீலம் வெளிறியும் பதிந்திருக்கும். பர்மா ஸ்டாரில் நடுவில் சிவப்பு, இருபுறமும் கருநீலம். சாம்பல் நிறத்தை வைத்து ஊகிக்கும் செயலி அதற்கு என்ன வண்ணம் கொடுக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், பதக்கங்களை இடது மார்பில்தான் அணிவார்கள். ரிப்பன் அவருடைய வலது மார்பில் தெரிந்தால் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று சட்டைப் பொத்தானையும் பார்த்துச் சரிபார்ப்பேன்.

படத்தின் பின்பக்கமும் முக்கியம். ஸ்டூடியோ முத்திரை, ஊர்ப்பெயர், பென்சிலில் எழுதிய எண் எல்லாம் அங்கேதான் இருக்கும். பல ஆண்டுகளாகப் பொட்டு வைத்து மாலை போட்டு மாட்டிய படமென்றால், ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டியிருக்கும். உரிக்காதீர்கள். சட்டத்தோடு அப்படியே ஸ்கேன் செய்யலாம்.

படைப்பிரிவு தெரிந்தபின் பதிவேடுகளுக்குப் போகலாம். போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் இணையதளத்தில் பெயர், படை எண், பல இடங்களில் தந்தை பெயரும் ஊரும்கூட இருக்கும். கல்லறை இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். உடல் கிடைக்காதவர்கள், தகனம் செய்யப்பட்டவர்கள் பெயர்கள் நினைவுச் சுவர்களில் இருக்கின்றன. மியான்மரின் தாவ்க்யானில் உள்ள ரங்கூன் நினைவகத்தில் மட்டும் ஏறத்தாழ 27,000 பெயர்கள். தேடும்போது பெயரை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதிப் பாருங்கள். மாவட்டத்தையும் அன்றைய பெயரில் தேட வேண்டும். இன்றைய திருவண்ணாமலைக்காரர் அன்று வட ஆற்காடு, நாமக்கல்காரர் சேலம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தபோது கைதான இந்திய வீரர்களில் பலர் பிறகு நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள், மலேயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களும் சேர்ந்தார்கள். ஒரே மனிதருக்கு இரண்டு ராணுவப் படங்கள் இருந்து, இரண்டிலும் சின்னங்கள் வேறாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

உயிரோடு திரும்பியவர்கள் அந்த ஆணையத்தின் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அவர்களுக்கு டிரங்குப் பெட்டியைத்தான் முதலில் திறக்கச் சொல்வேன். பென்ஷன் புத்தகம், டிஸ்சார்ஜ் சான்றிதழ், பதக்கம் எது கிடைத்தாலும் எடுத்து வையுங்கள். இந்திய வீரர்களின் பதக்கங்களில் விளிம்பில், ஸ்டார் என்றால் பின்புறத்தில், படை எண்ணும் பெயரும் பொறித்திருப்பது வழக்கம். முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளி என்பதால் உருக்கி விற்றவர்கள் உண்டு. மிச்சமிருப்பதையாவது பாலிஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து அழிந்துவிடும். எண் கிடைத்ததும் அந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு எழுதுங்கள். மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் குன்னூர் வெலிங்டன், சாப்பர்ஸ் என்றால் பெங்களூர். எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். போகும்போது படத்தின் இரு பக்க ஸ்கேனையும் கொண்டு போங்கள்.