ஸ்டான்லி கோப்பையா, ஸ்டான்லி கிண்ணமா?

ஸ்டான்லி கோப்பை: வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக்கில் (என்.எச்.எல்.) வாகை சூடும் தொழில்முறை ஐஸ் ஹாக்கி அணிக்கு வழங்கப்படும் வெள்ளிப் பரிசு.

அகராதிக்கு இவ்வளவு போதும். ஆனால் இந்தப் பெயரில் உள்ள ஒவ்வொரு சொல்லும் தனிக்கதை உடையது. அதிலும் 'கோப்பை' என்று நாம் எழுதுவது சரிதானா என்ற கேள்வி எனக்கு நெடுநாளாகவே உண்டு. இணையத்தில் இந்தப் பெயரைத் தேடினால் இப்போதெல்லாம் கைப்பிடி வைத்த எஃகுத் தண்ணீர்க் குவளைகள்தான் முதலில் வந்து நிற்கின்றன. அந்த நிறுவனத்தின் பெயர் வேறொரு ஸ்டான்லியிடமிருந்து வந்தது. ஹாக்கிக்கும் அதற்கும் தொடர்பில்லை.

முதலில் மனிதர். ஃபிரெடரிக் ஆர்தர் ஸ்டான்லி, பிரெஸ்டன் ஊரின் ஸ்டான்லி பிரபு, 1888 முதல் 1893 வரை கனடாவின் தலைமை ஆளுநராக இருந்தவர். 1889-இல் மாண்ட்ரியால் குளிர்காலத் திருவிழாவில் முதன்முதலாக இந்த ஆட்டத்தைப் பார்த்தார். அவரை விடவும் அவருடைய பிள்ளைகளுக்கு அதில் பித்துப் பிடித்துவிட்டது. ஆர்தரும் ஆல்ஜெர்னனும் அணி சேர்த்து ஆடினார்கள். மகள் இசபெல்லும் பனித்தளத்தில் இறங்கி ஆடினார். 1892 மார்ச் 18 அன்று ஒட்டாவாவில் நடந்த ஒரு விருந்தில் பிரபுவின் கடிதம் வாசிக்கப்பட்டது. நாட்டின் சிறந்த ஹாக்கி அணி ஆண்டுதோறும் வைத்துக்கொள்ள ஒரு சவால் கோப்பை இருந்தால் நல்லது என்பது அதன் சாரம். லண்டனில் பத்து கினி (அக்கால ஆங்கிலேயப் பணக் கணக்கு) கொடுத்து ஒரு வெள்ளிப் பாத்திரம் வாங்கப்பட்டது. 1893-இல் மாண்ட்ரியால் அமெச்சூர் தடகளச் சங்கத்தின் அணி அதை முதலில் பெற்றது. அதே ஆண்டு ஸ்டான்லி பிரபு இங்கிலாந்து திரும்பிவிட்டார். தம் பெயரைத் தாங்கிய பரிசுக்கான ஓர் ஆட்டத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

ஸ்டான்லி என்பது பழைய ஆங்கிலத்தில் 'கல் நிறைந்த வெட்டவெளி' என்று பொருள்படும் ஓர் ஊர்ப்பெயர். பிறகு குடும்பப் பெயரானது. தமிழர்களுக்கு இந்தப் பெயர் அயலானதே அல்ல. மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்துக்கு ஸ்டான்லி நீர்த்தேக்கம் என்று பெயர். வடசென்னையில் ஸ்டான்லி மருத்துவமனை இருக்கிறது. இவை இரண்டும் 1929 முதல் 1934 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லியின் பெயரைத் தாங்கியவை. அவர் கோப்பை தந்த ஸ்டான்லி பிரபுவின் மகன்களில் ஒருவர். தந்தையின் பெயர் கனடாவின் பனித்தளத்தில் ஒரு வெள்ளிப் பாத்திரத்தில் நிற்க, மகனின் பெயர் காவிரியின் குறுக்கே நிற்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாள்முதல், மேட்டூர் நீர்மட்டச் செய்தி படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளிப் பாத்திரம் நினைவுக்கு வருகிறது.

தனித்தமிழ் அன்பர்கள் சிலர் இசுட்டான்லி என்று எழுதுகிறார்கள். தமிழ் ஒலிமரபு காக்கும் அவர்களின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் செய்தித்தாள்களில் தொண்ணூறு ஆண்டுகளாக வேரூன்றிய ஸ்டான்லி என்ற எழுத்துரு நமக்கு முன்னே இருக்கும்போது அதையே கொள்வது நல்லது.

இனி கோப்பை. பலரும் இதைத் தூய தமிழ்ச்சொல் என்றே நினைத்திருக்கிறோம். சாவி, ஜன்னல், அலமாரி, மேசை போலவே இதுவும் போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற சொல். அவர்கள் மொழியில் 'கோப்பு' என்பதுபோல ஒலிக்கும் சொல், குடிக்கும் குவளையைக் குறிக்கும். அதற்கும் ஆங்கிலத்தின் 'கப்'புக்கும் மூலம் ஒன்றே, லத்தீனின் 'குப்பா'. ஆக 'கப்' என்பதை நீக்கிக் 'கோப்பை' என்று போடும்போது நாம் மொழிபெயர்க்கவில்லை. அந்தக் குடும்பத்தின் தம்பியை அனுப்பிவிட்டு அண்ணனைக் கூப்பிடுகிறோம்.

இது குறையல்ல. கோப்பை நானூறு ஆண்டுகளாக நம் நாவில் புழங்கும் சொல். எனக்குள்ள தயக்கம் வேறு. பொருளைக் கண்ணால் பாருங்கள். லண்டனில் வாங்கிய அந்த மூலப் பாத்திரத்தின் உயரம் சுமார் 18.5 சென்டிமீட்டர், வாயின் அகலம் சுமார் 29 சென்டிமீட்டர். உயரத்தைவிட அகலம் பெரிது. வெளியே வெள்ளி, உள்ளே பொன்முலாம். கல்யாண வீட்டு வாசலில் வைக்கும் சந்தனக் கிண்ணத்தைப் பெரிதாக்கினால் எப்படியிருக்குமோ, ஏறக்குறைய அப்படி. தமிழில் இதற்குக் கிண்ணம் என்று பெயர். பாயசம் ஊற்றும் அகன்ற வாய்ப் பாத்திரம் கிண்ணம், தண்ணீர் குடிக்கும் உயர்ந்த பாத்திரம் குவளை. இந்த வேறுபாடு நம் அடுக்களையிலேயே இருக்கிறது. ஆங்கிலேயர்கள் அதைக் 'கப்' என்று அழைத்தது பரிசுப் பாத்திரம் எதையும் அப்படி அழைக்கும் அவர்கள் வழக்கத்தால். நாம் அந்த வழக்கத்தைச் சுமக்க வேண்டியதில்லை.

இலங்கைத் தமிழில் இதற்கு நல்ல வழி ஏற்கனவே உண்டு. இங்கே உலகக் கோப்பை என்பதை அங்கே உலகக் கிண்ணம் என்று எழுதுகிறார்கள். கோப்பை, பரிசு எல்லாம் 'வெற்றிக் கிண்ணம்'தான். டொரன்டோவில் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். அவர்கள் வாயில் 'ஸ்டான்லி கிண்ணம்' என்பதே இயல்பாக வரும்.

அந்தப் பாத்திரத்தின் மேல் முதலில் பொறித்த பெயர் ஸ்டான்லி கோப்பை அல்ல. 'டொமினியன் ஹாக்கி சவால் கோப்பை' என்பதே. டொமினியன் என்றது அன்றைய கனடாவை. சவால் என்ற சொல்தான் இங்கே உயிர். எத்தனை முறை வென்றாலும் எந்த அணிக்கும் இது சொந்தமாகாது, நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும், தன் பெயரைப் பொறிக்க விரும்பும் அணி தன் செலவில் பொறித்துக்கொள்ளலாம் என்று பிரபு நிபந்தனை வைத்தார். காப்பாற்ற இரண்டு அறங்காவலர்களையும் நியமித்தார். இதற்கு நம்மிடம் நேரான சொல் இருக்கிறது: சுழற்கோப்பை. எங்கள் ஊர்க் கபடிப் போட்டிச் சுழற்கோப்பையின் மரப்பீடத்தில் ஆண்டும் அணியும் பொறித்த விரல்நீளத் தகடுகளைச் சுற்றிலும் சிற்றாணியால் அடித்திருப்பார்கள். இடம் நிறைந்த ஆண்டில் தச்சரைக் கூப்பிட்டுக் கீழே இன்னொரு பலகை சேர்த்தார்கள். கனடாவில் நடந்ததும் இதுவேதான், வெள்ளியில்.

சவால் என்றால் மெய்யாகவே சவால்தான். கோப்பை எந்த அணியிடம் இருக்கிறதோ அதை எதிர்த்து ஆட, தகுதியுள்ள எந்த அணியும் அறங்காவலரிடம் அனுமதி கேட்கலாம். 1905-இல் ஒட்டாவா அணியை எதிர்த்து ஆட, கனடாவின் வடமேற்கு மூலையிலுள்ள யூக்கான் பகுதியின் தங்கச்சுரங்க ஊரான டாசன் நகரத்து அணி அப்படிக் கேட்டு வந்தது. 1904 டிசம்பரில் புறப்பட்டவர்கள் நடந்தும், மிதிவண்டி மிதித்தும், நாய்வண்டியிலும், பிறகு ரயில், கப்பல், மீண்டும் ரயில் என்று சுமார் 6,400 கிலோமீட்டர் கடந்து ஒட்டாவா வந்து சேர்ந்தார்கள். ஓய்வெடுக்கக்கூட நேரமில்லை. முதல் ஆட்டத்தில் 9-2, இரண்டாவதில் 23-2 என்று தோற்றார்கள். இரண்டாம் ஆட்டத்தில் ஒட்டாவாவின் ஃபிராங்க் மெகீ ஒருவரே 14 கோல் அடித்தார். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை கிடையாது. டாசன் அணியின் பெயர் கிண்ணத்தில் ஏறவில்லை. ஆனாலும் 'சவால்' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்டால் நான் இந்தப் பயணத்தைத்தான் சொல்வேன். இரண்டு ஆண்டு கழித்து, 1907-இல், கெனோரா என்ற சிற்றூர் அணி மாண்ட்ரியால் வாண்டரர்ஸை வீழ்த்திக் கிண்ணத்தைக் கொண்டுபோனது. இரண்டே மாதத்தில் திரும்பப் பறிகொடுத்தது.

காலம் மாறியது. சம்பளம் வாங்கி ஆடுவோர் வந்தார்கள், லீக்குகள் வந்தன. 1917-இல் சியாட்டில் மெட்ரோபாலிட்டன்ஸ் கிண்ணத்தை வென்ற முதல் அமெரிக்க அணியானது. அந்த ஆண்டின் இறுதியில் என்.எச்.எல். பிறந்தது. 1919-இல் பரவிய இன்ஃபுளுயன்சாவால் இறுதித் தொடர் பாதியில் நின்றது. மாண்ட்ரியால் வீரர் ஜோ ஹால் அந்நோயில் இறந்தார். 1927 முதல் என்.எச்.எல். அணிகள் மட்டுமே கிண்ணத்துக்கு மோதுகின்றன. மாண்ட்ரியால் கனேடியன்ஸ் 24 முறை வென்று முதலிடத்தில் நிற்கிறது. டொரன்டோ மேப்பிள் லீஃப்ஸ் 13 முறை வென்றும் 1967-க்குப் பின் தொடவில்லை. 1993-இல் மாண்ட்ரியால் வென்ற பிறகு 2025 வரை கனடாவின் எந்த அணியும் வெல்லவில்லை. கனடாவில் பிறந்த கிண்ணம் எல்லை தாண்டியே தங்கிவிட்டதில் அந்நாட்டு ரசிகர்களுக்கு உள்ள ஏக்கம் ஆழமானது.

பெயர் பொறிப்பதுதான் இதை மற்றப் பரிசுகளிலிருந்து பிரிக்கிறது. ஆண்டுதோறும் புதிதாகச் செய்து கொடுக்கும் பரிசு அல்ல இது. 1907-இல் வாண்டரர்ஸ் அணி வீரர்கள் தம் பெயர்களைக் கிண்ணத்தின் உட்புறத்தில் பொறித்தார்கள். 1924 முதல் வென்ற அணியினரின் பெயர்கள் இடைவிடாமல் ஏறுகின்றன. அடியில் வளையம் வளையமாகச் சேர்ந்து ஒருகாலத்தில் அடுப்புப் புகைக்குழாய் போல நீண்டது. இப்போது உயரம் சுமார் 90 சென்டிமீட்டர், எடை 15 கிலோவுக்கு மேல். ஒவ்வோர் எழுத்தையும் அச்சுமுனை வைத்துச் சிறு சுத்தியலால் தட்டித்தான் பொறிக்கிறார்கள். கையால் செய்யும் வேலை என்பதால் பிழைகளும் உண்டு. 1972-இல் பாஸ்டன் என்ற பெயரின் இரண்டு 'ஓ'க்களும் 'க்யூ'வாகிவிட்டன. 1981-இல் நியூயார்க் ஐலேண்டர்ஸ் பெயரில் நடுவிலிருந்த 'எஸ்' விழுந்துபோனது. திருத்தாமல் விட்டிருக்கிறார்கள். 2004-05-இல் நிர்வாகத்துக்கும் வீரர்களுக்கும் உடன்பாடு ஏற்படாமல் ஆட்டமே நடக்கவில்லை. அதையும் பொறித்திருக்கிறார்கள்.

பீப்பாய் போன்ற அடிப்பகுதியில் ஐந்து வளையங்கள். ஒவ்வொன்றிலும் 13 ஆண்டுகளுக்கு இடம். நிறைந்ததும் எல்லாவற்றுக்கும் மேலுள்ள பழைய வளையத்தைக் கழற்றி டொரன்டோவின் ஹாக்கிப் புகழ்மன்றத்தில் வைத்துவிட்டுப் புதியதைக் கீழே பூட்டுகிறார்கள். 2018-இல் கழன்ற வளையத்தோடு அக்கால ஆட்டத்தின் பெருவீரர்களான மோரிஸ் ரிச்சர்டின் பெயரும் கோர்டி ஹோவின் பெயரும் கிண்ணத்தைவிட்டுப் போயின. 1892-இன் மூலக் கிண்ணமும் இப்போது அதே மன்றத்தின் பெட்டகத்தில்தான் இருக்கிறது. வெள்ளி நொறுங்கும் நிலைக்கு வந்ததால் இன்று வளையங்களுக்கு மேலே இருப்பது மாண்ட்ரியால் பொற்கொல்லர் ஒருவர் செய்த நகல்.

'டிராஃபி' என்ற சொல்லையும் தொட்டுவிட வேண்டும். கிரேக்கத்தில் 'டிரோபே' என்றால் திரும்புதல். பகைவர் புறமுதுகிட்டுத் திரும்பிய இடத்தில் மரம் நட்டு, அவர்களின் கவசத்தைத் தொங்கவிடுவார்கள். அதுவே 'டிரோபையான்'. நமக்கு இது புதிதல்ல. பகைவரின் காவல்மரமான கடம்பை வெட்டி அதில் முரசு செய்த சேரனைச் சங்கப் பாடல் புகழ்கிறது. வென்றவர் வாகைப் பூச் சூடினார்கள். வாகை என்ற ஒரு சொல்லிலேயே டிராஃபியின் பொருள் அடங்கும். 'வாகை' வெற்றிக்கும், 'கிண்ணம்' கைக்கு வரும் பொருளுக்கும் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமில்லை.

ஆட்டத்தின் பெயர்? நம் பாடநூல்களில் ஹாக்கி என்பது வளைகோல் பந்தாட்டம். ஆனால் ஐஸ் ஹாக்கியில் பந்தே கிடையாது. தட்டையான கடினமான ரப்பர் வில்லையைத்தான் அடிக்கிறார்கள். அதற்கு 'வட்டு' என்ற சொல் அப்படியே பொருந்தும். அரங்கு இல்லாமல் வட்டாடுவதைப் பற்றிக் குறள் பேசுகிறது. வட்டெறிதல் என்று இன்றும் சொல்கிறோம். ஆகவே பனித்தள வளைகோல் ஆட்டம், அதில் அடிபடுவது வட்டு. செய்தித் தலைப்பில் ஐஸ் ஹாக்கி என்றே எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. 'பனிப் பந்தாட்டம்' என்று மட்டும் எழுதாதீர்கள்.

பரிசுக்கு நான் ஸ்டான்லி கிண்ணம் என்றே எழுதுகிறேன். வினையிலும் கவனம் வேண்டும். அது ஆண்டுதோறும் ஒரே கிண்ணம் என்பதால் 'பெற்றது' என்பதைவிட 'கைப்பற்றியது', 'தக்கவைத்தது', 'பறிகொடுத்தது' ஆகியவை பொருந்தும். 2024-இல் ஃபுளோரிடா பேந்தர்ஸ் அணி எட்மண்டன் ஆயிலர்ஸை வென்று ஸ்டான்லி கிண்ணத்தைக் கைப்பற்றியது. 2025-இல் அதே எட்மண்டனை மீண்டும் வென்று தக்கவைத்துக்கொண்டது.