எக்மோ பற்றி எப்போது கேட்க வேண்டும்?

"எக்மோன்னு சொல்லிட்டாங்களா? அப்ப அவ்வளவுதான்." ஐசியூ வாசலில் உறவினர்கள் இப்படிப் பேசிக்கொள்வது என் காதில் அடிக்கடி விழுகிறது. 2016இல் ஜெயலலிதா, 2020இல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் என்று நம் ஊரில் பெரும்பாலோர் எக்மோவைக் கேள்விப்பட்டதே துக்கச் செய்திகளில்தான். பயம் இயல்பு. ஆனால் அந்தப் பயத்தில் முடிவு தள்ளிப்போவதுதான், இந்த இயந்திரத்தை இயக்கும் பெர்ஃப்யூஷனிஸ்டான எனக்குப் பெரிய கவலை.

எக்மோ என்பது உடலுக்கு வெளியே இருந்து நுரையீரலின், தேவைப்பட்டால் இதயத்தின் வேலையையும் செய்யும் இயந்திரம். அது நோயைக் குணப்படுத்தாது. இதயமோ நுரையீரலோ தேறுவதற்கு அவகாசம் வாங்கித் தரும். பெரிய சிரையில் குழாய் செருகி ரத்தத்தை வெளியே எடுக்கிறோம். அது மெல்லிய இழைகளாலான சவ்வு வழியே போகும்போது ஆக்சிஜன் ஏறுகிறது, கரியமில வாயு வெளியேறுகிறது. நுரையீரல் மட்டும் பழுதென்றால் சிரைக்கே திருப்புவோம். இதயமும் தளர்ந்திருந்தால் தமனிக்கு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 4, 5 லிட்டர் ஓட வேண்டியிருக்கும். எடுக்கும் குழாயில் ரத்தம் கருஞ்சிவப்பு, திரும்பும் குழாயில் பளீர்ச் சிவப்பு. டார்ச் அடித்துச் சவ்வில் ரத்தக்கட்டி படிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம்.

1953இல் பிலடெல்பியாவில் அறுவை மருத்துவர் ஜான் கிப்பன் அறுவை சிகிச்சையில் வெற்றிகரமாகப் பயன்படுத்திய, எக்மோவுக்கு முன்னோடியான இதய-நுரையீரல் இயந்திரம் மிகப் பெரியது. இன்று சுமார் 10 கிலோ எடையில், கையில் தூக்கும் கருவிகள் வந்துவிட்டன. நோயாளியை நகர்த்த முடியாத நிலையில் குழுவே அவர் இருக்கும் மருத்துவமனைக்குப் போய், அங்கேயே எக்மோ போட்டு, ஆம்புலன்ஸில் அழைத்து வரலாம். ஸ்ட்ரெச்சர் மாற்றும்போது ஒருவருக்குக் குழாய்களைப் பிடித்துக்கொள்வது மட்டுமே வேலை. குழாய் சற்று நழுவினாலும் உயிருக்கு ஆபத்து. பேட்டரி, முழு சிலிண்டர், பம்பு நின்றால் கையால் சுற்றும் கைப்பிடி எல்லாவற்றையும் சரிபார்க்காமல் வண்டி கிளம்பாது.

எல்லாருக்கும் இது பொருந்தாது. ரத்தக்கசிவு, பக்கவாதம், தொற்று வரலாம். தனியாரில் செலவு லட்சங்களில் போகும். ஆனால் கடும் நுரையீரல் பாதிப்பில், வென்டிலேட்டர் அதிகபட்சமாக உதவியும், குப்புறப் படுக்கவைத்தும், பி/எஃப் விகிதம் (தமனி ரத்தத்தின் ஆக்சிஜன் அழுத்தத்தை, சுவாசிக்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனின் பங்கால் வகுத்துவரும் எண்) 6 மணி நேரத்துக்கு மேல் 80க்குக் கீழேயே நின்றால் யோசிக்க வேண்டிய கட்டம் வந்துவிட்டது. அதிக அழுத்தத்தில் வென்டிலேட்டரிலேயே 7 நாள் கடந்தால் பலன் குறையத் தொடங்கும். அதனால் முதல் இரண்டு நாளிலேயே மருத்துவரிடம் கேளுங்கள்: "எக்மோ மையத்திடம் பேசியாச்சா டாக்டர்?" போடச் சம்மதித்தால், எந்த நிலையில் நிறுத்துவார்கள் என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.