பனாமா கால்வாய்: டிக்கெட் எடுக்கும் முன் கப்பலின் அகலத்தைப் பாருங்கள்

பனாமா கால்வாய் வழியாக உல்லாசக் கப்பலில் போக ஆசைப்படுகிறவர்கள் முதலில் பார்ப்பது டிக்கெட் விலை. அடுத்தது, அறைக்குப் பால்கனி உண்டா என்பது. நான் முதலில் பார்க்கச் சொல்வது கப்பலின் அகலத்தை. 32.3 மீட்டருக்குள் இருந்தால் 1914-இல் திறந்த பழைய லாக்குகள் (தண்ணீரை நிரப்பியும் வடித்தும் கப்பலை ஏற்றி இறக்கும் தொட்டிகள்) வழியாகப் போக முடியும். அதைத் தாண்டினால் 2016-இல் திறந்த புதிய லாக்குகள்தான். இரண்டும் ஒரே ஏரிக்குத்தான் கப்பலை ஏற்றிவிடுகின்றன. ஆனால் மேல்தளத்தில் நிற்பவர் காணும் காட்சி வேறு வேறு.

இரண்டு கடல்களை இணைக்கும் கால்வாயில் ஏரி எப்படி வந்தது? 1880-களில் பிரெஞ்சுக்காரர்கள் மலையைக் கடல் மட்டம் வரை வெட்டிவிடலாம் என்று இறங்கினார்கள். சூயஸில் ஜெயித்த ஃபெர்டினாண்ட் டி லெசெப்ஸ்தான் தலைமை. சூயஸ் பாலைவனம், இங்கே இருந்ததோ சரிந்துகொண்டே இருக்கும் மலை, மழைக்காலத்தில் பொங்கும் சாக்ரெஸ் ஆறு, மலேரியா, மஞ்சள் காய்ச்சல். இருபதாயிரம் பேருக்கு மேல் மாண்டதாகக் கணக்கு. கம்பெனி திவாலானது. 1904-இல் பொறுப்பேற்ற அமெரிக்கர்கள், வில்லனாக இருந்த அந்த ஆற்றையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். காட்டூன் என்ற இடத்தில் அணை கட்டி ஆற்றை மறித்ததும், கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே ஒரு பெரிய ஏரி உருவானது. வெட்ட வேண்டிய மண்ணும் குறைந்தது, கப்பலை ஏற்றி இறக்கத் தண்ணீரும் கிடைத்தது.

அட்லாண்டிக் பக்கம் காட்டூன் லாக்கில் மூன்று படி ஏற்றம். ஒவ்வொரு படியும் 305 மீட்டர் நீளம், 33.5 மீட்டர் அகலமுள்ள கான்கிரீட் தொட்டி. கப்பல் உள்ளே வந்ததும் பின்கதவு மூடும். மேலே உள்ள தண்ணீரை வால்வு திறந்து விட்டால் சுமார் பத்துக் கோடி லிட்டர் எட்டே நிமிடங்களில் தொட்டிக்குள் இறங்கிவிடும். பம்ப் எதுவும் கிடையாது. மேலிருக்கும் நீர் கீழே பாய்கிறது, அவ்வளவுதான்.

எனக்குப் பிடித்த இடம் இந்தத் தொட்டியின் தரை. இவ்வளவு தண்ணீரை ஒரு பக்கமாகத் திறந்துவிட்டால் கப்பல் சுவரில் போய் மோதும். அதனால் சுவருக்குள் ஐந்தரை மீட்டர் விட்டமுள்ள பெரிய குழாய்கள் வழியே நீரைக் கொண்டுவந்து, தரைக்கு அடியில் குறுக்கே ஓடும் இருபது கிளைக்குழாய்களில் பிரித்து, நூறு துளைகள் வழியாக மேலே விடுகிறார்கள். ஊற்று பொங்குவதுபோல எல்லாப் பக்கமும் ஒரே சீராக மட்டம் உயர்கிறது. கையில் காபி வைத்திருக்கும் பயணிக்கு, பக்கத்துச் சுவர் கீழே இறங்குவதாகத்தான் தெரியும்.

கதவுகளும் சாமர்த்தியமானவை. இரண்டு மீட்டர் தடிமன். பெரியவை ஒவ்வொன்றும் அறுநூறு டன்னுக்கு மேல். ஆனால் உள்ளே வெறும் கூடு என்பதால் நீரில் பாதி மிதக்கின்றன. கதவைத் தாங்கும் கீலுக்குப் பாரம் குறைவு. மூடும்போது இரண்டு கதவுகளும் உயர்ந்த நீர்மட்டத்தை நோக்கி ஒரு கூம்பாகச் சேரும். அழுத்தம் கூடக்கூட இறுக்கமும் கூடும். இருபுறமும் மட்டம் சமமாகும் வரை அவற்றைத் திறக்க முடியாது.

பழைய லாக்கில் அதிகபட்ச அகலமுள்ள கப்பல் நுழைந்தால் இருபுறமும் சுமார் 60 சென்டிமீட்டர்தான் இடைவெளி. கீழ்த்தளத்து நடைபாதையில் நின்றால் 1914-இன் கான்கிரீட் கைக்கெட்டும் தூரத்தில் நகரும். கரையில் தண்டவாளத்தில் ஓடும் மின்சார எஞ்சின்கள் (இவற்றுக்குக் கோவேறு கழுதை என்று செல்லப்பெயர்) கம்பி கட்டி, கப்பலை நடுவிலேயே நிறுத்தி வைக்கின்றன. கப்பல் முன்னே போவது பெரும்பாலும் தன் சொந்த விசையில்தான்.

புதிய லாக்குகள் 55 மீட்டர் அகலம். கதவுகள் பக்கவாட்டில் சறுக்கும். எஞ்சின்களுக்குப் பதிலாக இழுவைப் படகுகள். ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் மூன்று சேமிப்புக் குளங்கள் இருக்கின்றன. ஒருமுறை பயன்படுத்திய நீரில் 60 சதவீதம் அவற்றில் தங்கி, அடுத்த கப்பலுக்கு உதவுகிறது. பொறியியலில் இதுதான் மேல். வேடிக்கை பார்க்கப் பழையதுதான்.

அடுத்த கேள்வி, கால்வாயை முழுதாகக் கடப்பதா, பாதியில் திரும்புவதா? புளோரிடாவில் கிளம்பி அங்கேயே திரும்பும் கப்பல்கள் பல, காட்டூன் லாக்கில் ஏறி, ஏரியில் சுற்றி, அதே வழியில் இறங்கிவிடும். லாக் வேலை செய்யும் விதத்தைப் பார்க்க அது போதும். செலவும் நாளும் மிச்சம். ஆனால் குலேப்ரா வெட்டு கிடைக்காது. கண்டத்தின் முதுகெலும்பான மலைத்தொடரைப் பிளந்த அந்தப் பதின்மூன்று கிலோமீட்டர்தான் கால்வாயின் உண்மையான வீரம். நாள் இருந்தால் முழுதாகக் கடக்கும் பயணத்தையே எடுங்கள்: எண்பது கிலோமீட்டர், எட்டு முதல் பத்து மணி நேரம், கடைசியில் பெட்ரோ மிகேலில் ஒரு படியும் மிராஃப்ளோரெஸில் இரண்டு படியும் இறங்கிப் பசிபிக். அமெரிக்காவில் ஏறுவதென்றால் நம்மவர்களுக்கு அந்நாட்டு விசா கட்டாயம். அங்கேயே திரும்பும் பயணத்துக்குப் பலமுறை நுழையும் விசாவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பருவமும் தண்ணீர்க் கணக்குதான். பழைய லாக்கில் ஒரு கப்பல் முழுதாகக் கடந்தால் ஏறும்போது ஒரு தொட்டி நீர், இறங்கும்போது ஒரு தொட்டி நீர் என்று சுமார் இருபது கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. பனாமா நகரமும் கோலோனும் குடிப்பது கால்வாய்க்கு நீர் தரும் இதே ஏரிகளின் நீரைத்தான். 2023-இல் எல் நினோவால் மழை பொய்த்தபோது, வழக்கமாக நாளொன்றுக்கு 36-ஐ ஒட்டி இருந்த கப்பல்களின் எண்ணிக்கையை 22 வரை குறைத்தார்கள். கப்பலின் அடிப்பகுதி நீருக்குள் இறங்கும் ஆழத்துக்கும் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பு சரக்குக் கப்பல்களைத்தான் வாட்டியது. உல்லாசக் கப்பல்கள் பெரும்பாலும் எட்டொன்பது மீட்டர்தான் அமிழ்கின்றன. கடக்கும் தேதியையும் வெகு முன்பே பதிவு செய்துவிடுகின்றன.

டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வறண்ட காலம். வானம் தெளிவு, மேல்தளத்தில் வெயில் சுடும். அக்டோபர், நவம்பரில் போனால் நனைவீர்கள். ஆனால் ஏரிக்கரைக் காடு பச்சைப்பசேலென்று இருக்கும், டிக்கெட்டும் சில சமயம் மலிவு. எந்த மாதமானாலும் லாக்கில் நுழையும் அதிகாலையிலேயே கப்பலின் முன்முனையில் இடம் பிடித்துவிடுங்கள். முதல் கதவு மூடியதும் கீழ்த்தளத்துக்கு இறங்கிச் சுவரைப் பாருங்கள். ஈரக்கோடு எட்டு நிமிடத்தில் மறைந்துவிடும்.