மருந்து அலர்ஜி: மணி பார்த்தால் பாதி புரியும்

"அமாக்ஸிசிலின் போட்டால் பேதியாகிறது, எனக்கு அது அலர்ஜி" என்று சொல்பவர்கள் நிறையப் பேர். குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவும் சேர்ந்து சாவதால் வருகிற பேதி அது, வெறும் பக்கவிளைவு. உண்மையான அலர்ஜியைப் பிரித்தறிய மருத்துவர் இரண்டு கேள்விகள் கேட்பார்: என்ன மருந்து? போட்டு எவ்வளவு நேரத்தில் வந்தது? இரண்டாவது கேள்விக்குத்தான் பலரிடம் பதில் இருக்காது.

பென்சிலின் (அமாக்ஸிசிலினும் இதன் குடும்பம்தான்) மிகச் சிறிய மூலக்கூறு. தனியாக இருக்கும்வரை நோயெதிர்ப்பு மண்டலத்தின் கண்ணில் படாது. உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் அந்நியமாகத் தெரியும். அப்போது சிலருக்கு ஐஜிஇ என்னும் எதிர்ப்பொருள் உருவாகி, தோலிலும் மூச்சுக்குழலிலும் இருக்கும் மாஸ்ட் செல்களின் மேல் போய் உட்காரும். இதற்கே நாட்களும் வாரங்களும் ஆகும் என்பதால் முதல் முறை பெரும்பாலும் ஒன்றும் நடக்காது. அடுத்த முறை மருந்து வந்ததும் அந்தச் செல்கள் அரிப்பையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டிவிடும். ஆகவே "போன தடவை போட்டேனே, ஒன்றும் ஆகவில்லையே" என்பதை நம்ப முடியாது.

ஊசி என்றால் சில நிமிடங்களில், மாத்திரை என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கும். உள்ளங்கையில் அரிப்பு, உடம்பெல்லாம் தடிப்பு, உதடும் இமையும் வீங்குவது. இதோடு நின்றால் செட்டிரிசின் என்னும் அலர்ஜி மாத்திரை கொடுத்துக் கண்காணிக்கலாம். குரல் கம்மினாலோ, மூச்சு இளைத்தாலோ, தலை சுற்றி இரத்த அழுத்தம் இறங்கினாலோ அது அனாஃபிலாக்சிஸ், உயிருக்கே ஆபத்தான அலர்ஜி. தடிப்பே இல்லாமலும் இது வரலாம்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின். ஒரு மில்லி ஆம்பூலில் 1 மில்லிகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு அதில் பாதி, 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்க நடுத்தசையில். குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லி, 15 கிலோ குழந்தைக்கு 0.15 மில்லி. தேறவில்லை என்றால் 5 நிமிடத்தில் மறுபடியும். தோலுக்கடியில் போட்டால் மெதுவாகத்தான் ஏறும். நீர்க்காமல் இரத்த நாளத்தில் ஏற்றினால் இதயத்துடிப்பு தாறுமாறாகலாம்.

கண்ணெதிரே நடக்கும் பெரிய தவறு, அவில் என்னும் அலர்ஜி ஊசியையும் ஸ்டீராய்டையும் முதலில் போட்டுவிட்டுக் காத்திருப்பது. அவில் அரிப்பை அடக்கும், இறங்கிய அழுத்தத்தைத் தூக்காது. ஸ்டீராய்டு வேலை செய்ய மணிக்கணக்காகும். இன்னொரு தவறு, மயக்கமாக இருப்பவரை எழுப்பி நடக்கவைப்பது. இரத்தம் காலில் தங்கி, இதயத்துக்குத் திரும்புவது குறைந்து, அந்த நிமிடமே துடிப்பு நின்றவர்கள் உண்டு. படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறல் மிகுந்தால் மட்டும் சாய்ந்து உட்காரலாம், கால் நீட்டியபடி. வெளியில் என்றால் 108-ஐ அழையுங்கள். தேறிய பின்னும் சில மணி நேரம் கழித்து மறுபடி தாக்கலாம் என்பதால் உடனே வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

வலி மாத்திரைகளின் கதை வேறு. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் மூன்றும் ஒரே நொதியைத் தடுப்பதால், பலருக்கு எதிர்ப்பொருள் இல்லாமலேயே தடிப்போ இளைப்போ வரும். அப்படிப்பட்டவர் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறிப் பயனில்லை. வழக்கமான அளவு பாரசிட்டமால் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும்.

நாட்கள் கழித்து வருவது இன்னொரு வகை. இங்கே எதிர்ப்பொருள் அல்ல, டி செல்கள் என்னும் நோயெதிர்ப்பு அணுக்கள் வேலை செய்கின்றன. ஒரே இடத்தில், அதே மருந்தைப் போடும்போதெல்லாம் காசு அளவில் கறுத்து எரிவது இதில் சாதுவானது. ஆபத்தானது, தோல் உரிந்துபோகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய். மருந்து தொடங்கி 4 முதல் 28 நாட்களுக்குள் காய்ச்சல், தொட்டால் தோல் வலி, வாய்ப்புண், கண் சிவப்பு, கொப்புளம். வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடோயின், யூரிக் அமிலத்துக்கான அலோபியூரினால், சல்ஃபா மருந்துகள் அடிக்கடி மாட்டுபவை. அன்றைக்கே நிறுத்தி, அன்றைக்கே மருத்துவமனை போக வேண்டும்; வலிப்பு மாத்திரையையும் நிறுத்தத்தான் வேண்டும், ஆனால் மாற்று மருந்து இல்லாமல் விட முடியாது என்பதால் அதை மருத்துவமனையிலேயே கேட்டு வாங்க வேண்டும். "கொஞ்சமாகப் போட்டுப் பார்ப்போம்" என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லை.

ஊசிக்கு முன் கையில் குத்தும் டெஸ்ட் டோஸ்? பல ஆன்டிபயாட்டிக்குகளில் அதன் முடிவை நம்பி நிம்மதி அடைய முடியாது. தட்டில் அட்ரினலின் இருப்பதும், ஊசிக்குப் பின் அரை மணி நேரம் உட்காரவைப்பதும் அதைவிட முக்கியம்.

தங்களுக்குப் பென்சிலின் அலர்ஜி என்று சொல்பவர்களை முறையாகச் சோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது ஒத்துக்கொள்கிறது. நிஜமாக இருந்தவர்களிலும் பெரும்பாலோருக்குப் பத்து ஆண்டுகளில் மறைந்துவிடும். சீட்டில் "பென்சிலின் அலர்ஜி" என்ற இரண்டு சொல் மட்டும் இருந்தால், மருத்துவர் காலம் முழுக்க விலை கூடிய, வீரியம் மிகுந்த வேறு மருந்துக்கே போவார். "அமாக்ஸிசிலின் 500 மில்லிகிராம், ஐந்தாம் நாள், முதுகில் சிவப்புப் புள்ளி, மூச்சு, வாய், கண் சரி, இரண்டு நாளில் மறைந்தது" என்று எழுதி, மாத்திரை அட்டையையும் தோலையும் போனில் படம் எடுத்து வைத்திருந்தால், சோதித்துப் பார்க்கலாமா கூடாதா என்று அவரால் முடிவுசெய்ய முடியும்.