கிராண்ட் என்பதற்கு மானியமா, நல்கையா?

நான் வசிக்கும் அமெரிக்கக் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்றது), வறியோர்க்கு உணவும் தங்க இடமும் தரும் தொண்டு அமைப்புகளுக்கான அறிவிப்பு ஒன்று தமிழிலும் வெளியாயிற்று. 'அவசர உணவு மற்றும் தங்குமிட மானியம்' என்பது அதன் தலைப்பு; கிராண்ட் (grant) என்பதைத்தான் மானியம் என்று பெயர்த்திருந்தார்கள். அதைப் படித்த அம்மையார் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "மானியம் எந்தக் கணக்கில் ஏறும் தம்பி? பாங்க் புத்தகத்தின் நகல் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார். சமையல் எரிவாயு உருளைக்கு முழு விலையையும் கொடுத்துவிட்டு, மானியத் தொகை வங்கிக் கணக்கில் வந்து சேரக் காத்திருந்து பழகியவர் வேறு எப்படிப் புரிந்துகொள்வார்? வறியோர்க்கு உணவளிக்கும் சிறிய சமையற்கூடம் ஒன்றை நடத்தும் நண்பருக்கு நேர்ந்ததோ இன்னும் வருத்தம் தருவது. முதலில் நம் கையிலிருந்து செலவழித்தால் பின்னர் ஒரு பங்கைத் திருப்பித் தருவார்கள் என்று எண்ணி, அவர் அரிசியும் பருப்பும் வாங்கி ரசீதுகளைத் தேதி வாரியாகக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். அந்தத் தேதிகள் எல்லாம் செலவுக்கென வகுத்த காலத்துக்கு முந்தியவை என்பதால் ஒரு ரசீதும் ஏற்கப்படவில்லை. இவ்விரண்டு குழப்பங்களுக்கும் வேர் 'மானியம்' என்ற ஒரே சொல்தான். இதே பெயர்ப்பைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருவதால் இதை எழுதுகிறேன்.

கிராண்ட் என்னும் ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் வினை அதன் வேர். இன்றைய பொருளைச் சுருக்கமாகச் சொன்னால், குறித்த ஒரு பணிக்காக, திருப்பிச் செலுத்த வேண்டாத வகையில், நிபந்தனைகளோடு ஒப்படைக்கப்படும் தொகை. கடன் அன்று, விலைக் குறைப்பும் அன்று.

மேலே சொன்ன அறிவிப்பின் பின்னணியில் இருப்பது அமெரிக்கக் கூட்டரசின் திட்டம் ஒன்று. 1982-ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டில் வேலையின்மை 10.8 விழுக்காட்டைத் தொட்டிருந்தது. 1983 மார்ச்சில் இயற்றப்பட்ட வேலைவாய்ப்பு நிதிச் சட்டத்தின் வழியே இத்திட்டம் பிறந்தது. 1987-ஆம் ஆண்டின் மெக்கின்னி வீடற்றோர் உதவிச் சட்டம் அதற்கு நிலையான அடித்தளம் அமைத்தது. பேரிடர்களைக் கவனிக்கும் கூட்டரசு முகமையான ஃபீமா தலைமை வகிக்கும் தேசியக் குழுவில் செஞ்சிலுவைச் சங்கம், சால்வேஷன் ஆர்மி, யுனைடெட் வே உள்ளிட்ட ஆறு தொண்டு அமைப்புகள் இடம்பெற்றன. வேலையின்மையும் வறுமையும் எங்கே மிகுதி என்று பார்த்து ஊர்களுக்கு நிதி பிரிக்கப்படுகிறது; எந்த அமைப்புக்கு எவ்வளவு என்பதை உள்ளூர்க் குழு முடிவு செய்கிறது. பசித்தவர் கைக்கு இதில் பணம் வருவதில்லை. அவருக்கு உணவாகவும், இரவு படுக்கையாகவும், வாடகை பாக்கியைத் தீர்க்கும் காசோலையாகவும் அது வருகிறது. அந்தக் காசோலைகூட வீட்டுக்காரர் பெயருக்கே எழுதப்படும்.

இதை மானியம் என்று எழுதலாமா? மானியம் வடசொல், மதிப்புக்குரியது என்பது அதன் மூலப்பொருள். கோயிலுக்கோ, ஊருக்கு ஊழியம் செய்தவருக்கோ வரி நீக்கி விடப்பட்ட நிலத்தை அச்சொல் குறித்தது. இன்றும் மானியக்காடு என்று வழங்கும் வயல்கள் பல ஊர்களில் உண்டு. ஆகவே மானியம் என்பதற்குக் கொடுக்கப்பட்டது என்ற பழம்பொருள் இருக்கிறதே, அது போதாதா என்று வாதிடுவோர் இருக்கிறார்கள். அவர்கள் சட்டமன்றத்தின் மானியக் கோரிக்கையையும் (துறைகளின் செலவுக்கு அவையின் ஒப்புதல் கேட்பது), பல்கலைக்கழக மானியக் குழுவையும் உடனே துணைக்கு அழைக்கிறார்கள். அந்த வழக்குகள் நிலைபெற்றவை, அவற்றைப் பெயர்த்தெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சொல்லின் பொருளைத் தீர்மானிப்பது கல்வெட்டன்று, இன்று அதைக் கேட்கும் காது. உர மானியம், டீசல் மானியம், எரிவாயு மானியம் என்று அன்றாடம் கேட்கும் காதுக்கு மானியம் என்றால், விலையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொள்வது என்பதே பொருள். ஆங்கிலத்தில் அதற்குச் சப்சிடி என்று தனிச்சொல் இருக்கிறது. மானியக் கோரிக்கையின் பொருளை அறிந்தவர் அவை நடவடிக்கைகளைப் பின்தொடர்பவர். எரிவாயு மானியத்தை அறிந்தவரோ அடுப்பு வைத்திருக்கும் எல்லோரும்.

இரண்டு கருத்துகளும் ஒரே பக்கத்தில் வரும்போது மொழிபெயர்ப்பாளர் என்ன செய்வார் என்பதே என் முதன்மையான கேள்வி. அமெரிக்காவில் வருவாய் குறைந்த குடும்பங்களுக்கு வாடகைச் சீட்டுத் திட்டம் ஒன்று உண்டு. குடும்பம் தன் வருவாயில் ஏறத்தாழ 30 விழுக்காட்டை வாடகையாகத் தரும், மிச்சத்தை அரசு ஏற்கும். அது அப்பட்டமான மானியம்; அங்கே அச்சொல் மிகச் சரியாகப் பொருந்துகிறது. அதே குடும்பம் ஒரு மாதம் வேலை இழந்து, தன் பங்கையும் கட்ட முடியாமல் ஒரு தொண்டு அமைப்பின் வாசலில் நிற்கிறது. அந்த அமைப்பு தனக்கு ஒப்படைக்கப்பட்ட தொகையிலிருந்து பாக்கியைத் தீர்க்கிறது. முன்னதையும் மானியம் என்று எழுதிப் பின்னதையும் மானியம் என்று எழுதினால், 'மானியம் பெறுவோரும் மானியம் பெறும் அமைப்பை அணுகலாம்' என்ற வாக்கியம்தான் பிறக்கும். அப்படி ஒரு வாக்கியத்தை அச்சில் கண்டவன் நான்.

நல்கை என்ற சொல் நமக்கு இருக்கிறது. நல்குதல் என்றால் கொடுத்தல், அதிலும் அன்போடு கொடுத்தல். மேகம் நல்காவிட்டால் நெடுங்கடலும் தன் தன்மை குன்றும் என்கிறது பதினேழாம் குறள். 'எழிலி தான்நல்கா தாகி விடின்' என்பது அதன் சொற்கள். கொடுத்ததை மேகம் திரும்பக் கேட்பதில்லை. கடனல்லாத கொடுப்புக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தோன்றவில்லை. நல்கை புதிதாக வார்த்த சொல்லும் அன்று. ஆய்வு நல்கை, பல்கலைக்கழக நல்கைக் குழு என்று கல்வித் துறையில் புழங்கி வருவதே. நிபந்தனை என்ற கருத்து நல்கையில் இல்லையே என்று ஒருவர் கேட்கலாம். கிராண்ட் என்ற சொல்லின் வேரிலும் அது இல்லை. நிபந்தனைகள் ஒப்பந்தத்தில் இருக்கின்றன, சொல்லுக்குள் அவற்றைத் திணிக்க வேண்டியதில்லை.

கொடை என்று எழுதுவோரும் உண்டு. கொடையில் கொடுப்பவரின் பெருமை முன்னே நிற்கிறது, கணக்குக் கேட்கும் இடம் அதில் இல்லை. தென்மாவட்டத்தார் அச்சொல்லைக் கேட்டால் அம்மன் கோயில் திருவிழாவைத்தான் நினைப்பார்கள். நிதியுதவி என்பது தவறில்லை, ஆனால் கடனும் படிப்புத்தொகையும் மருத்துவ உதவியும் அதற்குள் அடங்கிவிடும்.

தலைப்பின் மற்ற சொற்களும் பழுதானவையே. 'அவசர உணவு' என்றால் அவசரமாகச் சமைத்த உணவு, அல்லது அவசரமாகத் தின்னும் உணவு. ஃபீமாவின் பெயரைப் பார்த்துவிட்டுப் 'பேரிடர் உணவு' என்று எழுதியவர்களும் உண்டு. இத்திட்டம் புயலுக்கும் வெள்ளத்துக்கும் உரியது அன்று, வேலை போன, வாடகை நின்ற வீட்டின் இடருக்கு உரியது. நெருக்கடிக்கால உணவு என்பதே பொருந்தும். தங்குமிடம் என்பது பயணியின் சொல். புகலிடம் என்று மாற்றினால், ஈழத்திலிருந்து வந்து இங்கே குடியேறிய வாசகர் அதை அடைக்கலம் தந்த நாடு என்றே படிப்பார். உண்டி, உடை, உறையுள் என்று மூன்றையும் ஒருசேரச் சொல்லி வளர்ந்த நமக்கு உறையுள் எப்படி மறந்தது? காப்பகத்தின் கட்டிலும், விடுதி அறையின் சில இரவுகளும், காலி செய்யாமல் காப்பாற்றிய வாடகை வீடும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஆகவே நான் எழுதுவது 'நெருக்கடிக்கால உணவு, உறையுள் நல்கை' என்பது. 'மற்றும்' என்ற இணைப்பும் தேவையற்றது. அது ஆங்கில வாக்கியத்தின் நிழல்.

மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள் என்பதே என் மனக்குறை. பணம் எங்கிருந்து புறப்பட்டு எவர் கையில் நிற்கிறது என்று ஒருமுறை விசாரித்திருந்தால், அதே அறிவிப்பின் இரண்டாம் பக்கத்தில் நிதி பெறும் அமைப்பைப் 'பயனாளி' என்று எழுதியிருக்க மாட்டார்கள். அமைப்பு நல்கை பெறுவது. பயனாளி என்பவர் தட்டை ஏந்தி வரிசையில் நிற்பவர். என்னை அழைத்த அம்மையார் அந்தப் 'பயனாளி' தாம்தான் என்று எண்ணி, அமைப்புகள் நிரப்ப வேண்டிய படிவத்தில் தம் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதி வைத்திருந்தார்.