மிசாஜினி: வெறுப்பா, காழ்ப்பா?

போன மாதம் ஒரு கல்யாண வீட்டில், பெண் பிள்ளைக்கு எதற்கு வெளியூரில் மேல்படிப்பு என்று பேசிக்கொண்டிருந்த சித்தப்பாவைப் பார்த்து அவர் மகளே, "அப்பா, உங்களுக்குப் பெண் வெறுப்பு" என்று சொல்லிவிட்டாள். "நானா? எங்கம்மாவைக் கடைசிவரை வைத்துத் தாங்கினேன், உனக்கு என்ன குறை வைத்தேன்?" என்றார் அவர். அவளால் பதில் சொல்ல முடியவில்லை. அவள் சொல்லவந்தது சரி, சொல்தான் காலை வாரிவிட்டது.

மிசாஜினி (misogyny) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் பெண் வெறுப்பு என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். கிரேக்கத்தில் மிசோஸ் வெறுப்பு, குனே பெண், அவ்வளவுதான். ஆனால் சொல் பிறந்த இடத்திலேயே நிற்காது. 2012 அக்டோபரில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஜூலியா கில்லார்ட் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவர் டோனி அபாட்டை இந்தச் சொல்லை வைத்துச் சாடியபோது, அவர் என்ன பெண்களை வெறுக்கவா செய்கிறார் என்று அங்கேயும் கேட்டார்கள். அடுத்த சில நாட்களில் ஆஸ்திரேலிய ஆங்கிலத்துக்கான மக்குவாரி அகராதி, இந்தச் சொல்லுக்குப் பெண்கள்மீது ஊறிப்போன தப்பெண்ணம் என்ற பொருளையும் சேர்க்கப்போவதாக அறிவித்தது. ஆங்கில அகராதியே நகர்ந்துவிட்டது, நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் கிரேக்க வேரைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

இதைவிட மோசம் ஆணாதிக்கம் என்று போடுவது. ஆணாதிக்கம் ஓர் அமைப்பு. சொத்து யார் பெயரில், முடிவு யார் கையில் என்பது. "பொம்பளை சிரிச்சா போச்சு" என்று பேத்தியை அதட்டுகிற பாட்டி கையில் என்ன ஆதிக்கம் இருக்கிறது? ஆனால் அந்த அதட்டலில் மிசாஜினி இருக்கிறது. அந்த அமைப்பைக் குறிக்கும் பேட்ரியார்க்கி, பாலினம் பார்த்து ஒருவரைக் குறைத்து நடத்துகிற செக்சிசம், மிசாஜினி மூன்றுக்கும் ஆணாதிக்கம் என்றே எழுதுகிறவர்கள், மூன்றும் ஒரே பத்தியில் வந்தால் என்ன செய்வார்கள்? செக்சிசத்துக்குப் பாலியல்வாதம் என்று வேறு எழுதுகிறார்கள். பாலியல் என்றாலே தொல்லையும் வன்கொடுமையும் நினைவுக்கு வருகிற காலத்தில், பாலினப் பாகுபாடு என்று எழுதினால் குழப்பம் இல்லையே.

மிசாஜினிக்கு நான் எழுதுவது பெண் காழ்ப்பு. காழ் என்றால் மரத்தின் வைரம், உள்ளே இறுகிய பகுதி. 'அகக்காழனவே மரமென மொழிப' என்கிறது தொல்காப்பியம். முள்மரத்தை இளசாக இருக்கும்போதே வெட்டு, காழ்த்துவிட்டால் வெட்டுகிறவர் கையையே கொல்லும் என்கிறது 879ஆம் குறள். சின்ன வயதில் உள்ளே போய், வருஷக்கணக்கில் இறுகி, இருப்பதே தெரியாமல் கிடக்கிற எண்ணத்துக்கு இதைவிடப் பொருத்தமாக என்ன வேண்டும்? அம்மாவைத் தாங்குகிறவரிடமும் அது இருக்கலாம். பண்டிதச் சொல் என்று தள்ளவும் முடியாது, அரசியல் காழ்ப்புணர்ச்சி என்று செய்தித்தாளில் அடிக்கடி வருகிற சொல்தான். அந்த எண்ணம் உள்ளவரைப் பெண்காழ்ப்பர் என்பது வாயில் ஒட்டவில்லையா, சரி, பெண் காழ்ப்பு உள்ளவர் என்று எழுதுங்கள்.